காலின் மேல் போட்ட பழி

என் அத்தானைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். கிளட்சை ஒழுங்காக விடத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். முதல் வகையில் அவர் ஒருவர்தான் இருந்தார். நான், அவருடைய முதலாளி, என் அக்கா உள்பட மற்ற எல்லோரும் இரண்டாவது வகை.

அக்காவைக் கட்டிக்கொண்டதால் எனக்கு அத்தான். ஊருக்கு அவர் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் மீசை முளைத்த வயதில் சேர்ந்தவர், அந்த மீசை நரைத்த பிறகும் அங்கேயேதான் இருக்கிறார். இங்கே கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். மீதிப் பேர் அந்தத் திட்டுக்குப் பயந்து வேறு பள்ளிக்கு ஓடினார்கள்.

புதிதாக வருகிறவர்களை முதல் வாரம் வெறுங்காலோடுதான் ஓட்டவைப்பார். செருப்புக்குக் காது கேட்காதாம். அவர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் மாஸ்டர் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். வண்டி கொஞ்சம் உதறினால் போதும், கண்ணைத் திறக்காமலே "உன் கால் பயப்படுது" என்பார். இன்னும் கொஞ்சம் உதறினால் "உன் கால் யாரையோ பாக்க ஓடுது" என்பார். தப்பு என்றால் அது காலில்தான் இருக்கும், வண்டியில் இருக்காது என்பது அவருடைய வேதம். அந்தப் பள்ளி வண்டியைப் பொறுத்தவரை அது சரிதான். முதலாளி மாதம் தவறாமல் அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவார். வண்டி எப்போதும் நன்றாக இருந்தால் குற்றவாளி எப்போதும் கால்தானே. அந்த வேதத்தை அவர் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார், அங்கேதான் வந்தது வினை.

அக்கா ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். நடக்க முடியாதவர்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், இவர்களுடைய வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவதுதான் அவள் வேலையாக இருந்தது. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்பதால் விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுவாள். அவளுக்குக் கைராசி என்பார்கள். கைராசியாவது மண்ணாவது, எல்லாம் பொறுமை. நரம்பே கிடைக்காத கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே ஏதாவது வம்பளப்பாள். அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். "குத்தியாச்சா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அவள் அந்த வேலையில் இருந்தாள் என்று நினைக்கிறேன். யார் யார் எப்படிக் கேட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டிச் சிரிப்பாள்.

அத்தானையும் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். அவள் எழுவதற்கு முன்னால் எழுந்து டீ போடுவார். காரின் கண்ணாடியைத் துடைத்து, தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவைப்பார். ரத்தப் பெட்டி உருளாமல் இருக்கப் பின் சீட்டில் பழைய தலையணையை முட்டுக்கொடுப்பார். அன்பில்லாத மனிதர் இல்லை. ஆனால் வாய் இருக்கிறதே, அது வேறு ஆள்.

கார் கைமாறிக் கைமாறி வந்தது. வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாள் போனதும் அக்கா, "என்னங்க, கெளப்பும்போது கார் குதிக்குது" என்றாள். அத்தான் சாவியை வாங்கிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி போய் வந்தது.

"எங்கிட்ட குதிக்கலையே."

"எங்கிட்ட குதிக்குதுங்க."

"அப்ப யாருகிட்ட கோளாறுன்னு நீயே சொல்லு."

அவரே சாட்சி, அவரே நீதிபதி. மேல்முறையீட்டுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். பானெட்டைத் திறந்து உள்ளே ஒரு பார்வை பார்க்கலாம் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து அக்காவுக்குச் சாயங்காலப் பாடம். வேலை முடிந்து களைத்துப்போய் வருகிறவளைக் கிடங்குத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய், கிளப்பு, நிறுத்து, கிளப்பு, நிறுத்து என்று உயிரை வாங்கினார். அவள் முடிந்தவரை மெதுவாகத்தான் விட்டாள். வண்டி குதித்தது. இன்னும் மெதுவாக விட்டாள். உதறிக்கொண்டு குதித்தது. அவர் அவளுக்குத் தவளை என்று பெயர் வைத்தார். வீட்டுக்குள் மட்டும் கூப்பிட்டிருந்தால் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பள்ளியில், கற்றுக்கொள்ள வந்த சின்னச் சின்னப் பெண்களிடம், "எங்க வீட்டுல ஒரு தவளை இருக்கு, அது மாதிரி ஓட்டாதீங்க" என்று உதாரணம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்களில் ஒருத்தியின் அம்மா அக்காவிடம் ரத்தம் எடுத்துக்கொள்கிறவள். ரத்தம் எடுக்கப் போனபோது அந்த அம்மாவே அக்காவிடம் சொல்லிச் சிரித்தாள். அக்காவும் கூடச் சிரித்துவிட்டு வந்தாள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு ஒருநாள், ரத்தம் எடுக்கப் போன வீட்டு வாசலில் பின்னால் எடுக்கும்போது கார் துள்ளிக்கொண்டு போய் அவர்கள் கேட்டில் இடித்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேட்டின் ஒரு கீல் பெயர்ந்தது, அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரர்களே "பரவாயில்லம்மா" என்றார்கள். ஆனால் அக்கா அன்று வந்து சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள், அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. லேபில் உள்ளே உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் எடுத்து வரும் ரத்தக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டுகிற வேலை. "நல்ல முடிவு எடுத்த" என்று அத்தான் சொன்னார். அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. அக்கா நடந்து வேலைக்குப் போனாள், நடந்து வந்தாள். நடித்துக் காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. குழாய்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

நான் வேலை செய்வது கார் உதிரிபாகக் கடையில், கவுண்டரில். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அத்தான் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். கடைக்கு வருகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏம்மா, கெளப்பும்போது டொக்குன்னு ஒரு சத்தம். சிக்னல்ல நின்னா கண்ணாடியில ஒரு பஸ் ரெண்டா தெரியுது, அப்படி ஒதறுது. எனக்கே இன்னைக்கு நம்ம வீட்டு வண்டி குதிச்சுது."

எனக்கே என்பதை அவர் சொன்ன விதத்தைக் கேட்டிருக்க வேண்டும். சூரியன் மேற்கே உதித்துவிட்ட மாதிரி சொன்னார். நான் வெளியே வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமே கொஞ்சம் விடச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். இன்ஜின் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற மனிதன் மாதிரி ஒருபக்கமாக எழும்பி, மறுபடி டொக்கென்று உட்கார்ந்தது.

"மவுண்டிங் போச்சு அத்தான்."

இன்ஜின் மவுண்டிங் என்பது ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. இன்ஜினை வண்டியின் உடம்போடு பிடித்துவைக்கிற ரப்பர்க் கட்டை, இரண்டு பக்கமும் இரும்பு ஒட்டியிருக்கும். இன்ஜின் ஆடுகிற ஆட்டத்தையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு வண்டிக்கு விடாமல் வைத்திருக்கும். இவர் வண்டியில் மூன்று உண்டு. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, பின்னால் அடியில் ஒன்று. மூன்றையும் எடுத்துக் கொடுத்தேன். மெக்கானிக்கிடம் விடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"மெக்கானிக்கா? கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டுவான். வீட்டுலயே நான் மாத்திக்கிறேன். நீ நாளைக்கு வந்து லைட்டு மட்டும் பிடி."

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு கார் நுழைகிற அளவுக்குச் சந்து. அங்கே அத்தான் பின் சக்கரங்களுக்குச் செங்கல் வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டுகளில் உட்காரவைத்திருந்தார். இன்ஜினின் அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டிக்கு ஜாக்கியை நேராகக் கொடுத்தால் தகடு நசுங்கிவிடும், நடுவில் பலகை வேண்டும். பலகை தேடி வீட்டைப் புரட்டிவிட்டு, கடைசியில் அக்கா காய் நறுக்குகிற பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வெங்காயம் நறுக்கணும், அந்தப் பலகை எங்க?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இன்ஜினுக்கு அடியில இருக்கு. வேணும்னா இன்ஜின நீ பிடிச்சுக்கோ."

"எனக்கெதுக்கு? கார் விஷயம் எல்லாம் நீங்க பாத்துக்கோங்க" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் கதவை அவள் எப்போதோ சாத்திவிட்டாள்.

ஜாக்கியை ஏற்றி, இன்ஜினின் பாரம் பலகைமேல் வந்ததும் அத்தான் வலது பக்கத்து மவுண்டிங்கைக் கழற்ற ஆரம்பித்தார். மூன்று போல்ட்டுகள் பேச்சைக் கேட்டன. நாலாவது துருப்பிடித்து, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்றது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பானரின் பிடியில் ஒரு குழாயை மாட்டி நீளமாக்கி, இரண்டு பேரும் தொங்கினோம். அது திடீரென்று இளகியதும் அத்தான் போய்ச் சுவரில் முதுகை இடித்துக்கொண்டார். அதுவரை எல்லாம் சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தது.

மவுண்டிங்கை வெளியே இழுத்தபோது அது இரண்டு துண்டாக வந்தது. ஒரு துண்டை அவர் வைத்திருந்தார், இன்னொன்றை என்னிடம் நீட்டினார். நான் விளக்கருகில் பிடித்துப் பார்த்தேன். எங்கள் கடையில் மாதிரிக்காகப் பழைய மவுண்டிங்கைக் கையில் கொண்டு வருகிறவர்கள் நிறைய. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. புதிதாகக் கிழிந்த ரப்பர் கறுப்பாக, பிசிறு பிசிறாக இருக்கும். இது கிழிந்த இடமெல்லாம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. எண்ணெயும் மண்ணும் ஏறி இறுகியிருந்தன. ரப்பர் இல்லாத இடத்தில் இரும்பும் இரும்பும் இடித்துப் பளபளத்தன. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"இது இப்ப கிழிஞ்சது இல்ல அத்தான். கிழிஞ்சு ரொம்ப நாள் ஆச்சு. ரெண்டு வருஷமாவது இருக்கும்."

அவர் தன் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"கிழிஞ்சிருந்தா, கிளட்ச் விடும்போது?"

"குதிக்கும். நேத்துதானே பாத்தீங்க."

"எனக்குக் குதிக்கலையே. நேத்து வரைக்கும்."

"உங்க கால் என்ன எல்லாரும் வச்சிருக்கிற காலா? இன்ஜின் எகிறப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே உங்க காலுக்குத் தெரிஞ்சிருக்கும். அது பாட்டுக்குச் சமாளிச்சிருக்கும், இப்ப ரொம்ப முத்திப்போனதும் அதாலயும் முடியல. மத்தவங்க சாதாரணமா விட்டா குதிக்கத்தான் செய்யும்."

மத்தவங்க என்று நான் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இருவரும் சமையலறை ஜன்னலைப் பார்த்தோம். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது.

அத்தான் அப்படியே சிமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்க மாட்டார் என்று தோன்றியது. அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. வலி என்று சொல்வதா, கூச்சம் என்று சொல்வதா? திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் முகம் கூட அவ்வளவு சுருங்காது. திருடனுக்குத் தான் திருடன் என்று முன்னாலேயே தெரியும்.

"அவகிட்ட சொல்லாத" என்றார் தாழ்ந்த குரலில்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன் சொல்லக் கூடாது? தவளைன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, அப்ப மைக் தேவைப்படல. இப்ப மட்டும் காதுல சொல்றீங்க?"

"சொல்ல வேண்டாம்னு சொல்லல. நீ சொல்லாத. நான் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல." கையில் இருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பானெட்டைத் தொறந்து பாத்திருந்தா போதும். அவ எத்தனை தடவை சொன்னா. நான் என் காலை நம்புனேன். அவ வாயை நம்பல."

அதற்கு மேல் நான் திட்டவில்லை. விழுந்தவரை மறுபடி அடிக்க என் கை ஓங்கவில்லை.

வேலையை நடுவில் விட முடியாது, இன்ஜின் ஜாக்கியின் மேல் நிற்கிறது. புது மவுண்டிங்கை வைத்தார். ஓட்டையும் ஓட்டையும் நேராக வரவில்லை. ஜாக்கியை ஒரு பிடி ஏற்று, அரைப் பிடி இறக்கு என்று நான் மேலிருந்து சொல்லச் சொல்ல, இரண்டு முறை போல்ட்டைத் தவறவிட்டார். அது உள்ளே எங்கேயோ விழுந்து, தேடி எடுப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. இடது பக்கத்தையும் பின்னால் உள்ளதையும் மாற்றினார். பின்னால் உள்ளதும் கிழிந்துதான் இருந்தது. அதை என்னிடம் காட்டாமல் ஓரமாக வைத்தார். கடைசியில் எல்லாவற்றையும் மூச்சைப் பிடித்து இறுக்கி, ஜாக்கியை எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். புது ரப்பர் போட்டும் உதறியது.

"இன்னும் ஒதறுதே" என்று அழுகிற குரலில் சொன்னார். மவுண்டிங்கை மாற்றியும் உதறினால் அப்புறம் எதை வைத்து அக்காவிடம் பேசுவது என்று பயந்துவிட்டார்.

"இறுக்கிட்டு ஓட விட்டா ஒதறாம என்ன செய்யும்? இன்ஜின் தன் எடத்துல உக்கார வேண்டாமா? எல்லாத்தையும் கொஞ்சம் தளர்த்துங்க. ஓட விடுங்க. அது உக்காந்த பெறகு இறுக்குங்க."

இது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. புத்தி அங்கே இல்லை. தளர்த்தினார், கிளப்பினார். இன்ஜின் இரண்டு குலுக்குக் குலுக்கி, பாயில் புரண்டு படுக்கிற மாதிரி அமர்ந்தது. அணைத்துவிட்டு இறுக்கினார். மறுபடி கிளப்பியபோது ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்ன, சத்தமே காணோம்? நின்னுபோச்சா?" என்றாள்.

அத்தான் வண்டியை அணைத்தார். கிழிந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். போயிருக்கக் கூடாதுதான், ஆனால் போனேன்.

"அந்தக் கருமத்தை ஏன் உள்ள கொண்டு வர்றீங்க? தரையெல்லாம் எண்ணெய் ஆகுது" என்றாள் அக்கா.

"உன் கால்ல தப்பு இல்ல."

"என்னது?"

"வண்டிதான் குதிச்சிருக்கு. நீ இல்ல." கோர்வையாக வராமல் துண்டு துண்டாகச் சொன்னார். "இது கிழிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சாம். நீ எங்கிட்ட வந்து சொன்னியே, அப்பவே கிழிஞ்சிருக்கு. நீ சரியாத்தான் விட்டிருக்க. கிடங்குத் தெருவுல நான் கத்துன ஒவ்வொரு நாளும் நீ சரியாத்தான் விட்டிருக்க. அந்தக் கேட்டுல இடிச்சதும் இதனாலதான். நான் பாக்கல. பாக்கணும்னு கூடத் தோணல. உன்னை எல்லார் முன்னாடியும்..."

அக்கா அடுப்பை அணைத்தாள். அவர் கையிலிருந்து இரண்டு துண்டுகளையும் வாங்கி, கிழிந்த பக்கத்தை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தாள். தேய்ந்துபோனதால் பொருந்தவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"அப்ப ஊசி?" என்றாள்.

அத்தானுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"கார் இல்லாட்டி பரவாயில்ல, லேப் வண்டியிலயே டிரைவரோட அனுப்புறோம், நீங்க ரத்தம் மட்டும் எடுங்கன்னு சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே. ஏன் வேண்டாம்னு சொன்ன?"

"நான் மெதுவாத்தான் விடறேன்னு எனக்குத் தோணும். இல்ல, உன் கால் அவசரப்படுதுன்னு நீங்க சொல்வீங்க. வண்டியும் குதிக்கும். அப்ப நான் நெனைக்கிறது ஒண்ணு, என் ஒடம்பு செய்யறது ஒண்ணுன்னுதானே ஆகுது? என் கால் என்ன செய்யுதுன்னே எனக்குத் தெரியலன்னா, கை என்ன செய்யுதுன்னு மட்டும் எப்படித் தெரியும்? அந்தக் கைய வச்சு எப்படி ஒருத்தர் நரம்புல குத்துறது?" அவள் குரல் உயரவே இல்லை. "ஒருநாள் ஒருத்தருக்கு ரெண்டாவது தடவை குத்த வேண்டியதாப் போச்சு. எல்லாருக்கும் ஆகறதுதான். ஆனா எனக்கு அன்னைக்குப் பயம் வந்துடுச்சு. விட்டுட்டேன்."

கார் இல்லாததால் அவள் அந்த வேலையை விட்டாள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அத்தானும் அப்படித்தான் நினைத்திருந்தார். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுவரில் ஐந்து விரலும் எண்ணெயாகப் பதிந்தது, அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க" என்றாள்.

ஸ்டாண்டுகளை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கியதும் அவள் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். அத்தான் பக்கத்தில், நான் பின்னால். முதலில் கிளப்பியபோது வண்டி ஒரு உதறு உதறி அணைந்துபோனது. அத்தான் அவசர அவசரமாக, "இல்ல இல்ல, அது வண்டிதான். புது ரப்பர், இன்னும் செட் ஆகல. உன் மேல ஒண்ணும் இல்ல" என்றார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் ஒரு காலைக் காப்பாற்ற ஒரு வண்டியின் மேல் பழி போட்டார்.

"பொய் சொல்லாதீங்க" என்றாள் அக்கா. "நான் சீக்கிரம் விட்டுட்டேன். எனக்கே தெரிஞ்சுது."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. தப்பு செய்தவள் முகமாக அது இல்லை. "எனக்கே தெரிஞ்சுது" என்று மறுபடி, எங்களுக்காக இல்லாமல், தனக்கே சொல்லிக்கொண்டாள். அவள் செய்ய நினைத்ததும் செய்ததும் வண்டி செய்ததும் ஒன்றாகச் சேர்ந்து அத்தனை காலம் ஆகியிருந்தது. தன் தப்பு தனக்குத் தெரிவதில் ஒரு மனுஷிக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்க முடியும் என்று நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுபடி கிளப்பினாள். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. தெருமுனை வரை போனாள், நிறுத்தினாள், கிளப்பினாள், ஒரு உதறல் இல்லை. அத்தான் வாயை மூடிக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து மீசையில் இறங்கியது. துடைக்கவும் முடியாது, கையெல்லாம் எண்ணெய்.

"ரெண்டு பேரும் எறங்குங்க" என்றாள் அக்கா.

"நான் எதுவும் சொல்லலையே" என்றார் அத்தான்.

"நீங்க சொல்லாட்டியும் எனக்குக் கேக்குது. எறங்குங்க."

இறங்கினோம். அவள் தனியாகப் போனாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எண்ணெயும் அழுக்குமாகத் தெருவோரத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அவள் தெரு மூலையில் திரும்பி மறைந்த பிறகு அத்தான் என்னைப் பார்த்தார்.

"வண்டி சரியாச்சு. அவ கைக்கு நான் என்னம்மா செய்யறது?"

கவுண்டரில் நின்று நின்று எதற்கும் சட்டென்று பதில் சொல்கிற வாய் என்னுடையது. அப்படியிருந்தும் "தெரியல அத்தான்" என்றேன். அவளிடமே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அவள் என்ன பதில் வைத்திருப்பாள் என்று எனக்கும் பயமாக இருந்தது.

அக்கா தெருவைச் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கத்திலிருந்து வந்தாள். நிற்பாள் என்று நினைத்தோம். நிற்காமல் எங்களைக் கடந்து இரண்டாவது சுற்றுக்குப் போனாள். அது முடிந்து மூன்றாவது முறை அவள் எங்களை நோக்கி வந்தபோது, அத்தான் அவளுக்குக் கையாட்டுவதற்காகக் கையைத் தூக்கினார். பாதியில் சட்டென்று இறக்கிவிட்டார்.

"ஏன், ஆட்டுங்களேன்" என்றேன்.

"கையைக் காட்டினா நான் நிறுத்தச் சொல்றேன்னு நெனச்சுக்குவா" என்றார்.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா எங்களைக் கடந்து போனாள்.